இரண்டு முறை தட்டினால் சரி

மேடையில் அமர்ந்திருக்கும் நம் நிறுவனத் தலைவர் திரு. தமிழ்மாறன் அவர்களே! பெற்ற மகளைப் பறிகொடுத்த நிலையிலும் வாசலில் நின்று நமக்கு ஆறுதல் சொன்ன ஹாஜிரா பீ அம்மா அவர்களே! இன்றைய மீன் வியாபாரத்தை விட்டுவிட்டு ஊரூர் குப்பத்திலிருந்து வந்திருக்கும் தேவானை அக்கா அவர்களே, உடன் வந்த சகோதரிகளே! கோட்டூர்புரம் அலுவலகத் தோழர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் வடிவேலு. வீடுகளுக்கு மீன் அனுப்பும் நம்முடைய ‘நம்ம கூடை’ செயலியை எழுதும் பொறியாளர்களுக்குத் தலைமை வகிப்பவன். நம் ப்ராடக்ட் மேனேஜர் உம்மே ஹானி அவர்களோடு ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன் என்று சொல்வதைவிடச் சண்டை போட்டேன் என்று சொல்வதே சரி. பெரும்பாலும் தோற்றேன். பன்னிரண்டு நாட்களுக்கு முன், நாற்பத்தொரு வயதில், மூளையில் ரத்தக்கசிவு வந்து நம்மை விட்டுப் போய்விட்டார். இனி நான் யாரோடு சண்டை போடுவேன்?

அவர் எப்படி ப்ராடக்ட் மேனேஜர் ஆனார்? பெரிய கல்லூரியில் படித்தா? இல்லை, தோழர்களே! நம் அலுவலகத்தில் புகார் போன் எடுக்கும் நாற்காலியில் சேர்ந்தவர் அவர். அந்தக் காலத்தில் ஒரே புகார்தான் திரும்பத் திரும்ப வரும். போனில் ஆர்டர் மணி அடித்தால், ஒரு நிமிடத்துக்குள் மீன்காரப் பெண்கள் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கவில்லை. ஆர்டர் போய்விடும்.

நாங்கள் மேதாவிகள் அல்லவா! ஏசி அறையில் கூடினோம். “பாவம், படிக்கத் தெரியாதவர்கள்” என்று தீர்ப்பு எழுதினோம். எழுத்தைப் பெரிதாக்கினோம். மீன் படம் போட்டோம். ஒரு பலனும் இல்லை.

உம்மே ஹானி ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, தேவானை அக்கா கடையில் போய் நின்றார். அக்கா சொன்ன பதிலை அப்படியே எங்களிடம் வந்து சொன்னார். “எனுக்குப் படிக்கத் தெரியாதுன்னு எவன் சொன்னான்? தெனம் பேப்பர் படிச்சிக்கினுதான் கீறேன். கை ஈரமா கீது, அமுங்க மாட்டேங்குது. அவசரத்துக்கு மூக்கால அமுக்குறேன், போதுமா?”

மறுநாள் காலை என் மேசையில் ஒரு வாளித் தண்ணீர்! “கைய முக்கிட்டு இப்ப ஆர்டர் எடுங்கண்ணே” என்றார். நான் முக்கினேன். அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே இருந்தேன். ஒரு நிமிடம் போயே போய்விட்டது. பதவிக் கடிதம் எட்டு மாதம் கழித்துத்தான் வந்தது. ஆனால் அவர் ப்ராடக்ட் மேனேஜர் ஆனது அந்த வாளி வந்த காலையில்தான்.

சரி, தீர்வு எங்கே கிடைத்தது? நாங்கள் லஸ் கார்னரில் ஏறும் பஸ்ஸில் கிடைத்தது! கண்டக்டருக்கு ஒரு கையில் டிக்கெட், இன்னொரு கையில் சில்லறை. வாயில் விசில். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம். தினமும் அந்த பஸ்ஸில் நானும்தான் வந்தேன். எனக்கு அதில் தெரிந்தது கூட்டம் மட்டும்தான். அவருக்கு அதில் தேவானை அக்காவின் கை தெரிந்தது. அவர் சொன்ன யோசனை இதுதான்: ஐஸ் பெட்டி மேல் போனை வைத்துவிட்டு, மணி அடித்ததும் பெட்டியை முழங்கையால் இரண்டு தட்டு தட்டினால், அந்த அதிர்வைப் போன் உணரும், ஆர்டர் சரி. ஒரு தட்டு என்றால் வேண்டாம்.

“நடக்காது” என்றேன். முதல் நாள் நடக்கவும் இல்லை! பத்துக் கிலோ வஞ்சிரம் ஆர்டரை ஏற்றுக்கொண்டது யார் தெரியுமா? பெட்டி மேல் வந்து உட்கார்ந்து இரண்டு கொத்து கொத்திய ஒரு காக்கா! ஆபீஸே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன். உம்மே ஹானி கோபப்படவில்லை. மூன்று நாள் காலையில் கடற்கரையில் நின்று காக்கா கொத்துவதை வீடியோ எடுத்து வந்தார். “அது வெடுக்குவெடுக்குன்னு கொத்துதுண்ணே, அக்கா நிதானமாத் தட்டுறாங்க. அந்த வித்தியாசத்தை உங்க புரோகிராமுக்குச் சொல்லிக்குடுங்க” என்றார். சொல்லிக் கொடுத்தேன். இன்றுவரை ஒரு காக்காவும் நம்மிடம் ஆர்டர் எடுத்ததில்லை.

ஹாஜிரா பீ அம்மா ஒருமுறை, “அது என்னம்மா வேலை?” என்று கேட்டாராம். “யாருக்கு எது கஷ்டம்னு போய்ப் பாத்துட்டு வந்து, செய்யறவங்க கூட சண்டை போடுற வேலைம்மா” என்றாராம் மகள். இதைவிடத் தெளிவாக நான் எங்கும் கேட்டதில்லை.

இப்போது என் மனதை அறுப்பதைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு கூட்டம். புதிய செயலியில் இந்தத் தட்டும் வசதி வேண்டாம், தொண்ணூறு பெண்கள்தான் பயன்படுத்துகிறார்கள் என்று பேச்சு வந்தது. உம்மே ஹானி தனியாக வாதாடினார். நான் வாய் திறக்கவில்லை. வேலை குறையும் என்று நினைத்தேன். அவர் வெளியே வந்து, “ஒரே ஒரு நாள் காலைல குப்பத்துல வந்து நில்லுங்கண்ணே, அப்புறம் வேணும்னா அதை எடுத்துடலாம்” என்றார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வாரம் அவர் இல்லை.

நேற்று முன்தினம் போனேன். காலை ஆறு மணி. தேவானை அக்கா என் கையில் ஒரு சங்கரா மீனைக் கொடுத்து, செதில் எடுக்கச் சொன்னார். மணி அடித்தது. என் கையைப் பார்த்தேன். போனைப் பார்த்தேன். பெட்டியை முழங்கையால் இரண்டு முறை தட்டினேன். “ஆர்டர் வந்துச்சு சார், அழுவாத, மீனைப் பாரு” என்றார் அக்கா.

தலைவர் அவர்களே! திங்கட்கிழமை அந்த வசதியை நீக்கும் காகிதம் என் கையெழுத்துக்காக வருகிறது. நான் கையெழுத்துப் போட மாட்டேன். இந்தச் சபையில், உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்கிறேன். தொண்ணூறு பேருக்கும் அந்தத் தட்டு இருக்கும். என் மேசையில் அந்த வாளியும் இருக்கும். அதில் கை நனைக்காமல் இனி எதுவும் நம் அலுவலகத்தை விட்டு வெளியே போகாது.

மௌன அஞ்சலி வேண்டாம், தோழர்களே. ஹாஜிரா பீ அம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டேன். உம்மே ஹானியின் வேலை தொடரலாம் என்பவர்கள், உட்கார்ந்திருக்கும் நாற்காலியை இரண்டு முறை தட்டுங்கள். வேண்டாம் என்றால் ஒரு தட்டு.

இதோ, நான் இந்த மேசையில் இரண்டு முறை தட்டிவிட்டேன். தலைவர் அவர்களே, அடுத்து நீங்கள்.