வைக்க நேராத புள்ளிகள்

அவையின் தலைமையை அணிசெய்யும் தலைமை மருத்துவர் அவர்களே, அருகமர்ந்த ஆன்றோர்களே, பிள்ளையைத் தோளிலும் பொறுமையை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, கொசுவுக்குப் புகை போட்டுப் போட்டே கறுத்துப்போன இந்தத் தொழிலாளியின் கனிந்த வணக்கம்.

புகை போடுகிறவன் வீட்டிலேயே டெங்கு புகுந்தது. கட்டிலுக்கடியில் அடித்தேன், கதவிடுக்கில் அடித்தேன், காலி டப்பாவிலும் அடித்தேன். என் மனைவியோ மருத்துவமனையில் துவண்டு கிடந்தாள். என்ன அங்கே சிரிப்பு? ஆமாம் ஐயா, அன்றும் எல்லோரும் இப்படித்தான் சிரித்தார்கள்.

அவளோடு ஒரே தையற்கூடத்தில் வேலை பார்த்த அவள் தங்கை அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. அடுத்து அவளோ என்று என் மாமியார் அழுத அழுகையை எந்த மருந்து ஆற்றும்?

அந்த நேரத்தில் வந்தார், இதோ இன்றைய பாராட்டுக்கு உரியவராய் மேடையில் கூச்சத்தோடு அமர்ந்திருக்கும் நம் சுகாதாரத் துறையின் வரைபடப் பிரிவு அம்மையார். காய்ச்சல் கண்ட ஒவ்வொருவருக்கும் கணினித் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி. வைத்த இடம் அவரவர் வீடு. நகரமெங்கும் கடுகு சிந்தியதுபோல் கிடந்தன புள்ளிகள். எங்கே தொடங்குவது? எதைத் துரத்துவது? நான் தெருத்தெருவாய் ஓடினேன், கொசு ஓடவில்லை.

ஒருநாள் என் மனைவியின் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, நாள் பூரா எங்க இருப்பீங்க?"

"வேற எங்கம்மா, தையல் மெஷின் முன்னாடிதான். வீட்டுக்குத் தூங்கத்தானே வர்றேன்."

அம்மையார் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "பகல்ல கடிக்கிற கொசுவ, தூங்குற இடத்துல தேடிட்டு இருந்திருக்கோம்."

நோயாளிகள் எல்லோரிடமும் கேட்டார். வீட்டிலிருந்த புள்ளிகளைப் பகலில் அவர்கள் இருக்கும் இடத்துக்கு நகர்த்தினார். சிந்திய கடுகில் பெரும்பாதி ஒரே கிண்ணத்தில் விழுந்தது. அந்தக் கிண்ணம், தையற்கூடம். அதன் பின்வாசலில் ஏசி தண்ணீர் சொட்டிச் சொட்டி நிறைந்த ஒரு பீப்பாய். உள்ளே நெளிந்தன கொசுப்புழுக்கள். என் மைத்துனியை அப்போதே வீட்டுக்கு அனுப்பினோம். பீப்பாயைக் கவிழ்த்தோம், கழுவினோம், கூடத்தையே புகையால் குளிப்பாட்டினோம்.

மைத்துனிக்குக் காய்ச்சல் வரவில்லை. இதோ, மடியில் மகளோடு முன்வரிசையில் இருக்கிறாள். பக்கத்தில் பிழைத்து எழுந்த என் மனைவி, "சீக்கிரம் முடிங்க" என்று கண்ணாலேயே அதட்டுகிறாள். அந்த அதட்டலைக் கேட்க நான் கொடுத்துவைத்தவன்.

அம்மையே, நீங்கள் வைத்த புள்ளிகளை அறிஞர்கள் போற்றட்டும். நீங்கள் வைக்க நேராத இரண்டு புள்ளிகள் என் மைத்துனியின் நாற்காலியில் இருக்கின்றன. ஒன்று சற்றுமுன் கொட்டாவி விட்டது. அவற்றுக்காக, என் குடும்பத்தின் நன்றி. செவிகொடுத்த சபைக்கு என் வணக்கம்.