மேலேருந்து தேடுற மிஷின்

— முதுகு இல்ல இது. ராத்திரி யாரோ கழட்டிட்டு உலக்கையைச் சொருகி வச்சிருக்காங்க. குனிஞ்சா நிமிர முடியல, நிமிர்ந்தா உட்கார முடியல. தள்ளு, அந்த நாற்காலியை இப்படிக் குடு.

— மாமா, இது கம்ப்யூட்டர் ரூம். செருப்பையாவது வெளியில விட்டுட்டு வாங்க.

— குனிஞ்சு செருப்பைக் கழட்ட முடிஞ்சா நான் ஏன் உன்கிட்ட வரப்போறேன்? காலையில உங்க அக்காதான் மாட்டி விட்டா. சாயங்காலம் அவதான் கழட்டணும். அதுவரைக்கும் எங்க போனாலும் செருப்போடதான்.

— என்ன தைலம் மாமா இது? கண்ணு எரியுது.

— எரியட்டும். எனக்கு முதுகு எரியுது, உனக்குக் கண்ணு எரியட்டும், குடும்பம்னா அப்படித்தான். இன்னைக்கும் வாசல் மிஷின்ல பெருவிரலை வச்சேன். இந்தா சீட்டு. படி.

— ‘மொட்டை. டைல்ஸ் கொட்டகை. கனம்.’

— கனமாம். இடுப்புல டாக்டர் போட்ட பெல்ட்டு இருக்கு, உன் மிஷின் கனம்ங்குது. போன மாசம் வரைக்கும் என்ன வந்துது? ‘வாசல். நாற்காலி. வர்ற வண்டியை எழுதவும்.’ கலெக்டர் மாதிரி உட்கார்ந்திருந்தேன். சொல்லு பாப்போம், அந்த நாற்காலி எங்க போச்சு?

— மிஷின்ல ஒரு சின்னக் கோளாறு. பாத்துட்டிருக்கேன் மாமா.

— மூணு வாரமா பாக்கிற. சுவரைப் பாத்திருந்தாக்கூட இந்நேரம் வெட்கப்பட்டுத் திரும்பியிருக்கும். குடோன் பூராவும் என்னைக் கேக்குறாங்க, ‘மொட்டை, இது உன் கொழுந்தியா எழுதின மிஷினாமே’ன்னு. நானும் விடல. ‘ஆமாடா, கண்ணாடி போட்டும் கண்ணு தெரியாத பொண்ணு’ன்னு சொல்லி வச்சிருக்கேன்.

— அதான் எல்லாரும் என்னைக் கண்ணாடின்னு கூப்பிடுறாங்களா? ரொம்ப நல்லா இருக்கு.

— பேர் வைக்கிறதுல நமக்கு ராசி உண்டு. அது கிடக்கட்டும். கிரேன் ஓட்டுறவன் வருஷக்கணக்கா மேல உட்கார்ந்திருக்கிறவன். அவனுக்கு ‘பெயிண்ட் டப்பா அடுக்கவும்’. வாட்ச்மேன் கிழவனுக்கு மூட்டை. மேனேஜருக்கு என்ன வந்துது? அதை உன் வாயால சொல்லு பாப்போம்.

— வேணாம். கதவு திறந்திருக்கு.

— மெதுவா சொல்லு.

— ‘டீ வாங்கி வரவும்.’

— அய்யோ. சிரிச்சா இடுப்புல பிடிக்குது. இன்னொரு தரம் சொல்லு.

— சிரிக்காதீங்க மாமா. அவர் இங்க முதல்ல சேர்ந்ததே அந்த வேலைக்குத்தான். அதைத்தான் மிஷின் சொல்லுது. மெதுவா, மேஸ்திரி வர்றாரு.

— மொட்டை, நீயும் இங்கதான் குந்தியிருக்கியா? இந்தாம்மா கண்ணாடி, மரியாதையா ஒண்ணு கேக்குறேன். இது என்ன?

— துடைப்பம், மேஸ்திரி.

— துடைப்பம்னு தெரியுது. என் கையில ஏன் இருக்கு? நாப்பது ஆளை மேய்க்கிறவன் நான். விரலை வச்சா ‘கக்கூஸ்’னு சீட்டு வருது. மரியாதைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?

— சும்மா சொல்லக் கூடாது மேஸ்திரி, துடைப்பம் உங்க கைக்கு எடுப்பாத்தான் இருக்கு.

— மொட்டை, நீ வாயை மூடு. அம்மா, மேனேஜர் சொல்லி அனுப்பினாரு. மூணு மணிக்கு இங்க வருவாராம். அதுக்குள்ள மிஷின் சரியாகலைன்னா நாளைக்கு உன் இடத்துல வேற ஆளாம். நான் மரியாதையா சொல்லிட்டேன். அவர் சொன்னது மரியாதையா இல்ல.

— சரி மேஸ்திரி. பாத்துக்கிறேன்.

— இன்னொண்ணு. நான் கக்கூஸ் கழுவித்தான் இங்க ஆரம்பிச்சேன்னு என் மருமகனுக்குத் தெரியாது. அந்த வரி யார் கண்ணுலயும் படாம பாத்துக்க முடியுமா?

— படாது மேஸ்திரி. போங்க.

— துடைப்பத்தை இங்கயே வச்சுட்டுப் போகட்டுமா?

— கொண்டு போங்க மேஸ்திரி. ராசியான கை.

— மாமா, போதும். அவர் போயிட்டாரு.

— போகட்டும். இப்ப விளையாட்டு இல்ல. என் நாற்காலி போச்சு, மூணு மணிக்கு உன் நாற்காலியும் போகப்போகுது. ஒரே வீட்டுல ரெண்டு பேரும் நின்னுக்கிட்டா சாப்பிட முடியும்? எங்க கோளாறு, காட்டு.

— சொன்னா உங்களுக்கு...

— புரியாதா? இத்தனை வருஷம் தலைச்சுமை தூக்கினதுல மூளை நசுங்கிடுச்சுன்னு நினைச்சியா? சொல்லு.

— ஒரு பட்டியல் இருக்கு மாமா. யார் யாருக்கு என்ன வேலைன்னு. உங்க ஆளுங்க எல்லாரும் பட்டப்பேரைத்தானே குடுத்தீங்க, அந்தப் பேர்லதான் இருக்கும். யாருக்காவது வேலை மாறினா பழைய வரியை அழிக்க முடியாது. அடியில புதுசா ஒரு வரி சேர்க்கணும். அதனால ஒரே பேர் நாலஞ்சு இடத்துல இருக்கும்.

— சரி.

— நீங்க விரலை வச்சதும் மிஷின் உங்க பேரைத் தேடும். இப்ப மேலேருந்து தேடிட்டு வருது. முதல்ல எங்க தட்டுப்படுதோ அங்கேயே நின்னுடும். அதுக்குக் கீழ என்ன எழுதியிருந்தாலும் எட்டிப் பாக்காது.

— ஓஹோ. மேஸ்திரியைத் தேடினா கக்கூஸ் வாசல்லயே நின்னுடுது.

— ஆமா. அடியிலேருந்து மேல தேடிட்டு வரணும். அப்ப முதல்ல கிடைக்கிறதுதான் கடைசியா எழுதினது.

— முதல்ல கிடைக்கிறது கடைசியா? குடிச்சிட்டுப் பேசுறவன்கூட இதைவிடத் தெளிவா பேசுவான். இரு, இரு. லாரிதானே இது? கடைசியா ஏத்துன மூட்டைதான் இறக்கும்போது கைக்கு முதல்ல வரும்.

— அதேதான்.

— தேடிப் பாத்து அந்தப் பேரே இல்லைன்னா?

— மைனஸ் ஒண்ணுன்னு சொல்லும்.

— இல்லைன்னு வாயால சொல்லத் துப்பில்லாம ஒண்ணு குறைச்சுச் சொல்லுதா? உங்க அம்மா உனக்கு மாப்பிள்ளை தேடினப்ப கிடைச்சதும் அதானே?

— மாமா. அடிச்சிடுவேன்.

— முதுகை விட்டுட்டு எங்க வேணாலும் அடி. சரி, இதைச் சரி பண்ண எவ்வளவு எழுதணும்?

— ஒரே ஒரு வரி.

— ஒரு வரிக்கா மூணு வாரம்?

— எழுதி வச்சுட்டேன் மாமா. பொத்தானைத் தட்டினா மாறிடும். நீங்க போய்ச் சாப்பிடுங்க, நான் தட்டிக்கிறேன்.

— நீ தட்டுறதைப் பாத்துட்டுத்தான் எனக்குச் சோறு இறங்கும். தட்டு.

— தட்டுறேன். இருங்க.

— ஒரு சந்தேகம். போன மாசம் வரைக்கும் எனக்கு நாற்காலிதானே வந்துது? மேஸ்திரிக்கு மேஸ்திரி வேலைதானே வந்துது? அப்ப மிஷின் அடியிலேருந்துதான் தேடிட்டிருந்திருக்கு.

— ஆமா.

— திடீர்னு தலைகீழா எப்படித் திரும்புச்சு? தூக்கத்துல புரண்டு படுத்துச்சா?

— மாமா, சாப்பாடு ஆறிடும்.

— ஏன் இப்ப கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிற? பொய் சொல்லணும்னா உனக்குக் கண்ணாடி அழுக்காயிடும். உங்க அக்காளுக்கு அடுப்பு அழுக்காயிடும். பத்து வருஷமா ரெண்டு பேரையும் பாக்குறேன். என் பேர் இருக்கிற வரியை எடு.

— எதுக்கு இப்ப?

— எடு பாப்போம்.

— இதோ. முதல் வரி. ‘மொட்டை. டைல்ஸ். கனம்.’

— சேரும்போது எனக்குச் சுருட்டை முடி. அப்பவே மொட்டைன்னு எழுதியிருக்கான் பாரு, வாய்முகூர்த்தம். அடுத்தது?

— ‘மொட்டை. முதுகு. கனம் கூடாது. வாசல், நாற்காலி.’

— அது நான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்போ. இதைத்தானே மிஷின் எடுக்கணும்? அவ்வளவுதானே? கீழ இன்னும் ஒண்ணு இருக்கே. அதுவும் மொட்டைதானே?

— மாமா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.

— எனக்கு இந்தத் தூரத்துல எழுத்து தெரியல. கண்ணாடி உன் கையிலதான இருக்கு. போட்டுக்கிட்டுப் படி.

— ‘மொட்டை. உதவாது. நிறுத்தம். வாசல் திறக்க வேண்டாம்.’

— இன்னொரு தரம்.

— படிச்சது போதும் மாமா.

— உதவாதாம். ஆளை எழுதினானா, முதுகை எழுதினானா? யார் அடிச்சது?

— மேனேஜர். ‘உட்கார வச்சுச் சம்பளம் குடுக்க இது சத்திரமா’ன்னு கேட்டுக்கிட்டே அடிச்சாரு. இங்கதான் கூப்பிட்டுச் சொல்ற வழக்கமே இல்லையே. காலையில விரலை வச்சா கதவு திறக்காது. வாட்ச்மேன் முகத்தைத் திருப்பிக்குவாரு. அவ்வளவுதான்.

— எப்ப அடிச்சான்?

— உங்களுக்கு முதல் டைல்ஸ் சீட்டு வந்துச்சே. அதுக்கு முந்தின நாள் சாயங்காலம்.

— அப்ப மறுநாள் காலையில மிஷின் கெட்டுப்போனது...

— கெடல. நான்தான் திருப்பி விட்டேன்.

— எல்லாரையுமா?

— உங்க வரியை மட்டும் அழிக்க முடியாது மாமா. புதுசா ஒண்ணு சேர்த்தா யார் சேர்த்தாங்கன்னு பேரோட நிக்கும். தேடுற பக்கத்தைத் திருப்பினா கோளாறுன்னு சொல்லிக்கலாம். டைல்ஸ் கொட்டகைத் தூசிக்கு மேனேஜர் அந்தப் பக்கமே வர மாட்டாரு. உங்களைப் பாக்க மாட்டாருன்னு நினைச்சேன்.

— அதுக்காகக் குடோனையே கவுத்திட்ட. கிழவன் மூட்டை தூக்கினான்டி.

— ரெண்டு மூட்டை. மூணாவதை நான் போய்ப் பிடுங்கிக் கீழ வச்சேன். அவர் என்னை என்ன திட்டினாருன்னு கேக்காதீங்க.

— நான் எத்தனை தூக்கினேன்? அதை வந்து பிடுங்கினியா?

— இல்ல.

— தினமும் ராத்திரி உங்க அக்கா தைலத்தைத் தேய்ச்சுக்கிட்டு உன்னைத்தான் திட்டுவா. அவளுக்கு இது தெரியுமா?

— யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியிலேருந்து நீங்க வந்தப்ப வீடு எப்படி இருந்துச்சுன்னு நானும்தானே பாத்தேன். வேலையும் போச்சுன்னா நீங்க சுவரைப் பாத்துப் படுத்துடுவீங்கன்னு பயந்துட்டேன்.

— அவன் என்னைக் கேக்காம நிறுத்தினான். நீ என்னைக் கேக்காம தூக்க வச்ச. நடுவுல இந்த முதுகு யாரோடது?

— இன்னும் ஒரு வாரம் இழுத்துடுறேன் மாமா. வேற ஏதாவது கோளாறுன்னு சொல்லி...

— மூணு மணிக்கு வரான். உன்னையும் சேர்த்து ஒரு வரி எழுதிட்டுப் போவான். ‘கண்ணாடி. உதவாது.’ எந்தப் பொத்தான்? இந்தப் பெருசா?

— மாமா, கையை எடுங்க. தட்டினா நாளைக்குக் காலையில உங்களுக்குக் கதவு திறக்காது.

— மூணு வாரம் திறந்துச்சே. உள்ள என்ன இருந்துச்சு? டைல்ஸ்.

— தட்டிட்டீங்க.

— அவ்வளவுதானா? ஒரு சத்தம்கூடப் பெருசா வரல.

— மாமா.

— அழாத. மிஷின்ல தண்ணி பட்டா அதுக்கும் நான்தான் காரணம்பாங்க. என் கையைப் பிடி, எழுந்திரிக்கணும். மெதுவா. மேஸ்திரிகிட்ட துடைப்பத்தைக் கீழ போடச் சொல்றேன். இந்தப் பொண்ணுக்குக் கண்ணு நல்லாவே தெரியும்னு குடோன் பூராவும் சொல்லிட்டுத்தான் வெளியில போவேன். அது என் பாக்கி, இப்பவே தீர்த்துடுறேன்.

— அக்காகிட்ட நான் சொல்லட்டுமா?

— வேணாம். செருப்பு கழட்ட உட்காருவால்ல, அப்ப நானே சொல்லிக்கிறேன். உன் பாக்கி வேற.

— என்ன பாக்கி மாமா? எதுன்னாலும் குடுத்துடுறேன்.

— அன்னைக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ‘திருப்பி விடு, தூக்கிக்கிறேன்’னு நானேதான் சொல்லியிருப்பேன். அந்த ஒரு வார்த்தை நீ எனக்கு இன்னும் பாக்கி.