நானூற்றுப் பன்னிரண்டாவது நிலத்துத்தி

அக்டோபர் பதினான்கு, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது. எண்ணிக்கை நானூற்றுப் பன்னிரண்டு.

தலைமையேற்றிருக்கும் இயக்குநர் ஐயா அவர்களே, மேடையில் இருக்கும் பெரியவர்களே, அக்காவின் கணவரே, அவர் மகளே, அலுவலக நண்பர்களே, வணக்கம். வணக்கத்தை முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நம் கள அளவையாளர், நாம் எல்லோரும் ‘பத்தரை அக்கா’ என்று கூப்பிட்ட அந்த அம்மையார், எந்தக் குறிப்பையும் நாள், நேரம், எண்ணிக்கை இல்லாமல் தொடங்க விட்டதில்லை.

எனக்கு முன்னால் பேசியவர் அவரைத் தாவர உலகின் தாரகை என்றார். அக்கா கேட்டிருந்தால், “எத்தனை வாட் வெளிச்சங்க?” என்றிருப்பார்.

ஏன் பத்தரை? புல்வெளியில் முழங்கால் உயரம்கூட வராத நிலத்துத்தி, காலை பத்தரை வாக்கில் பூக்கும். சுண்டுவிரல் நகம் அளவு மஞ்சள் பூ. மதியம் தாண்டினால் மூடிக்கொள்ளும். இருபத்திரண்டு வருடம் அந்தப் பூவின் நேரம்தான் அக்காவின் நேரம். இயக்குநர் ஐயாவின் கூட்டத்திலிருந்தே எழுந்து போனவர் அவர். “நீங்க பேசிக்கிட்டே இருங்க ஐயா, பூ காத்திருக்காது.” ஐயா சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை!

இனி நான் சொல்ல வந்தது.

ஏரிக்கு மேற்கே உள்ள புல்வெளியில் மரம் நடத் திட்டம். நம் அலுவலக விதி உங்களுக்குத் தெரியும்: நூறு இடங்களில் கம்பிச் சதுரத்தை வைத்து எண்ணி, ஐந்நூறு நிலத்துத்தி இருந்தால் அது பழைய புல்வெளி, அங்கே குழி தோண்டக்கூடாது. அக்காவுக்கு அது ஒன்பது நாள் வேலை. நாற்பது நிமிடத்தில் முடிக்கிறேன் என்று ட்ரோனைப் பறக்கவிட்டேன். மஞ்சள் புள்ளிகளை எண்ணச் சொல்லி நிரல் எழுதினேன். எண்ணிக்கை: பூஜ்யம். அறிக்கை போனது. திங்கட்கிழமை குழி தோண்ட வண்டி வருகிறது.

அக்கா என் மேசைக்கு வந்தார்.

“தம்பி, உன் தும்பி எத்தனை மணிக்குப் பறந்துச்சு?”

“மூணு மணிக்கு. காத்து இல்லாம நல்லா இருந்துச்சு.”

“கடையைச் சாத்தின பிறகு போயிட்டு, ஊர்ல கடையே இல்லைன்னு எழுதியிருக்கியே.”

“படத்துல இல்லைன்னா இல்லைதான்கா. ஒரு களைக்கு இவ்வளவு பேச்சா?”

“களைதான். அதோட வேரைப் பிடுங்கிக் காட்டு, பார்ப்போம். நாளைக்கு வர்றியா?”

வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை? இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

அவர் தனியாகப் போனார். நான்கு காலைகள். நான்காம் நாள், இந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்று இருபதுக்கு, அறுபத்தொன்றாவது சதுரத்தை முடித்துவிட்டு, ஜீப் ஓட்டுநரிடம், “ரெண்டு நிமிஷம் உக்கார்றேன். சதுரத்தை நகர்த்திடாதீங்க,” என்றிருக்கிறார். அதன் பிறகு எழுந்திருக்கவில்லை.

இதயம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். சரி, இதயம். ஆனால் அந்த வெயிலில் அவரை நிற்க வைத்தது எது? ஒரு பூஜ்யம்! அதை எழுதியது யார்? நான். இயக்குநர் ஐயா, அதன் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. இதைச் சொல்ல இது இடமில்லை என்று முன்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. திங்கட்கிழமைக்கு முன்னால் நாம் எல்லோரும் கூடும் இடம் வேறு எது?

நேற்று அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவின் கணவர் பேருந்து ஓட்டுபவர், அதிகம் பேசமாட்டார். அக்கா கட்டைவிரலால் தட்டித் தட்டி எண்ணிய கருவியை அவர் என் கையில் வைத்தார். “கை இறுகிப் போயிருந்துச்சு தம்பி. மெதுவாத்தான் எடுத்தேன், நம்பர் மாறிடக்கூடாதேன்னு.”

412 என்று காட்டுகிறது. ஐந்நூறுக்கு இன்னும் எண்பத்தெட்டு.

எனக்கும் அழத் தெரியும். ஆனால் இன்று வெள்ளிக்கிழமை. ஆகவே, செய்யப்போவதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. என் அறிக்கையைத் திரும்பப் பெறும் கடிதம் இது. பிழை என்னுடையது என்பதுதான் முதல் வரி. இறங்கும் முன் இயக்குநர் ஐயா கையில் கொடுப்பேன்.

2. நாளை காலை பத்தரைக்குப் புல்வெளியில் இருப்பேன். ஓட்டுநர் அண்ணன் இன்னும் சதுரத்தை நகர்த்தவில்லை. அதை நான் எடுத்து அறுபத்திரண்டாவது இடத்தில் வைப்பேன்.

3. முப்பத்தொன்பது சதுரங்கள், இரண்டு காலைகள். தனியாக முடியாது. வருபவர்கள் தொப்பி கொண்டு வாருங்கள்.

4. ஐந்நூறு வராவிட்டால் வரவில்லை என்றே எழுதுவேன். கூட்டி எழுதினால் அக்கா மன்னிக்கமாட்டார்.

5. இந்தக் கருவியின் பக்கத்தில், பூஜ்யத்துக்குத் திருப்ப ஒரு திருகு இருக்கிறது. அதைத் தொடமாட்டேன். நாளை நான் பார்க்கும் முதல் செடி, நானூற்றுப் பதின்மூன்று.