இரண்டு செல்லம்மாவும் ஒரு வீடும்

மார்ச் 11, செவ்வாய். வழக்கம்போல் தெஹியோவிட்டவில் 6.40 பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் தோட்டத் தொழிலாளிப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“தோட்டத்துப் புது கம்பியூட்டரு, ஒரே ஆள் ரெண்டு தடவ பதிஞ்சிருக்குன்னு நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிடுச்சாம், செல்லம்மா.”

“ஒரே பேரு, ஒரே பொறந்த தேதி. அந்தக் காலத்துக் கிளாக்கரையா எல்லாப் புள்ளைகளையும் சேத்து ஒரே நாள்ல பதிஞ்சு, அதையே பொறந்த நாளாப் போட்டாரு. கம்பியூட்டர் என்னா செய்யும்?”

“இப்ப புது வீடு குடுக்குற லிஸ்ட்ல ஒரு செல்லம்மாதான். வீடு எனக்கா, ஒனக்கா?”

“அதுக்குத்தான் கம்பனி ஆபீசுக்கு ரெண்டு பேரும் ஒண்ணாப் போறோம். தனித்தனியாப் போனா, நேத்தும் நீதானே வந்தேம்பாங்க.”

அவிசாவளையில் கைகோத்து இறங்கினார்கள்.

நானும் தோட்டத்தில் பிறந்த பிள்ளைதான். மறுநாள் காலை முதல் வேலையாக என் பிறப்புச் சான்றிதழையும், இரண்டு வயது இளைய தம்பியுடையதையும் எடுத்துப் பார்த்தேன். நாள், மாதம், வருடம் மூன்றும் ஒன்றே.