மாப்பிள்ளையின் தளத்துக்காக ஒரு மறுபரிசீலனை மனு

நீங்கள் எழுதக் கொடுத்திருக்கும் கட்டம் பார்க்கச் சின்னதாக இருந்தது. எழுத எழுதத் தானாக நீள்கிறது. நல்ல ஏற்பாடு. நாற்பது வயதுக்கு மேல்தான் நான் எழுத்துக் கூட்டப் பழகினேன். என் கைக்கு இடம் கொஞ்சம் தாராளமாக வேண்டும்.

தேடுபொறி நிறுவனத்தில் மனுக்களைப் படிக்கும் ஐயாவுக்கோ அம்மாவுக்கோ வணக்கம். என் மகளின் கணவர் நடத்தும் இணையதளத்தை, தேடினால் கண்ணில் படாதபடி கீழே தள்ளித் தண்டனை கொடுத்திருக்கிறீர்கள். 'இயல்புக்கு மாறான இணைப்புகள்' என்று காரணமும் எழுதியிருக்கிறீர்கள். என்ன நடந்தது, யார் செய்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் இந்தத் தொழில் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் மனு எழுதுவதை மாப்பிள்ளை என்னிடம் விட்டுவிட்டார். கேட்டால் பதில் சொல்வதுதான் மரியாதை.

மாப்பிள்ளை பூட்டுத் திறப்பவர். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, கையில் பால் பாக்கெட்டும் இடுப்பில் குழந்தையுமாக நிற்கிற ஆள், கைபேசியில் தேடுவார். முதலில் வரும் பேரைத்தான் கூப்பிடுவார். அந்த முதல் பேர் மாப்பிள்ளையுடையதாக இருந்தது. அவர் அதற்காக யாரையும் பிடிக்கவில்லை. இரும்புச் சாமான் கடை, குடியிருப்போர் சங்கம், உள்ளூர்ச் செய்தித்தாள், இவர்களெல்லாம் அவர் வேலை பிடித்துப்போய்த் தங்கள் தளங்களில் தாங்களாகவே இணைப்புக் கொடுத்திருந்தார்கள். ஒரு தளம் இன்னொன்றைக் கைகாட்டினால் நீங்கள் அதைச் சிபாரிசாக எடுத்துக்கொள்வீர்கள். உங்களுக்குத் தெரியாததா.

என் கதை வேறு. முதுகு மக்கர் பண்ணும்வரை கிடங்கில் மூட்டை தூக்கினேன். பிறகு இணைப்புப் போடும் கடை ஒன்றில் சேர்ந்தேன். மாடியில் ஒரே ஒரு நீள அறை, வரிசையாகத் திரைகள், மூலையில் ஒரு மின்விசிறி. முன்பின் தெரியாதவர்களின் பக்கங்களுக்குப் போய், கருத்துப் பகுதியில் 'அருமையான பதிவு' என்று எழுதி, வாடிக்கையாளர் தளத்தின் இணைப்பை அடியில் தொங்கவிட வேண்டும். ஒரு மரண அறிவிப்புக்குக் கீழேகூட 'அருமையான பதிவு, தொடரட்டும்' என்று எழுதி டயர் கடையைக் கைகாட்டியிருக்கிறேன். அந்தக் குடும்பம் கோபப்பட்டதாகத் தகவல் இல்லை.

அப்புறம் நீங்கள் இப்படிப்பட்ட இணைப்புகளுக்குத் தண்டனை கொடுக்க ஆரம்பித்தீர்கள். நாங்கள் ஏற்றிவிட்ட தளங்களெல்லாம் மடமடவென்று கீழே போயின. முதலாளி சின்னப் பையன். என்னைப் பெரியவரே என்றுதான் கூப்பிடுவான்.

"பெரியவரே, நேத்து வரைக்கும் இது ஏணி. இன்னைக்குக் கழுத்துல கல்லு. நாமதானே கட்டினோம், நாமளே அவுத்துடுவோம்" என்றான்.

அதே நாற்காலியில் உட்கார்ந்து, போட்ட இணைப்புகளை எடுத்துவிடும்படி தளக்காரர்களைக் கெஞ்சி எழுதினோம். எடுக்காதவற்றை 'இவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்' என்று பட்டியல் போட்டு உங்களுக்கு அனுப்பினோம். ஏற்றுகிறவனும் இறக்குகிறவனும் நானே. கிடங்கில்கூட எனக்கு இப்படி ஒரு வசதி வாய்த்ததில்லை. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஒரு தளத்தின் கழுத்தில் கல்லைக் கட்ட அந்தத் தளத்துக்காரர் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் கட்டலாம்.

என் மனைவி போன பிறகு மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஞாயிறுதோறும் சாப்பிட வருவார்கள். ஒரு ஞாயிறு, கை கழுவிக்கொண்டே மாப்பிள்ளை சொன்னார்.

"மாமா, தொழில் நல்லாப் போகுது. வேற ஊர்ல கடை பார்த்திருக்கேன். பக்கத்துலயே பள்ளிக்கூடம்."

"நீங்களும் வந்துடுங்கப்பா" என்றாள் மகள்.

"இந்தச் சாய்வு நாற்காலியை விட்டுட்டா?"

"அதுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துடறேன் மாமா. ஜன்னலோர சீட்டு, போதுமா?"

எல்லாரும் சிரித்தோம். நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். மறுநாள் மதிய இடைவேளையில் வேலையைத் தொடங்கினேன்.

சூதாட்டத் தளங்கள், ஆண்மை மாத்திரைத் தளங்கள், போலிச் சான்றிதழ் விற்கும் தளங்கள் என்று நல்ல இடங்களாகப் பார்த்து மாப்பிள்ளையின் தளத்துக்கு இணைப்புத் தொங்கவிட்டேன். எல்லாவற்றிலும் ஒரே வாசகம், 'மலிவாகப் பூட்டுத் திறக்க'. நீங்கள் சந்தேகப்பட வேண்டுமே. எடுத்த வேலையை அரைகுறையாக விடும் பழக்கம் எனக்கு இல்லை. உங்கள் தண்டனை வந்தது. மாப்பிள்ளையின் கைபேசி வாயை மூடிக்கொண்டது. அது கெட்டுவிட்டதோ என்று, என் மகளிடம் தன் எண்ணைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

"அடிக்குதே" என்றாள் அவள். "நான் கூப்பிட்டா மட்டும் நல்லா அடிக்குது."

அவர் நேராக என்னிடம் வந்தார். தளத்தின் கடவுச்சொல்லைக் கொடுத்தார்.

"நீங்க இருக்கும்போது எனக்கென்ன மாமா கவலை. ஒண்ணு மட்டும் கேக்கணும். ரொம்ப நாளுக்கு முன்னாடி ஒருத்தன்கிட்ட நாலு இணைப்பு வாங்கினேன். அதனாலதானா இது?"

அந்த நாலும் ஒரு எறும்பைக்கூடக் கடிக்காது.

"இருக்கலாம் மாப்பிள்ளை" என்றேன்.

மகள் அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள். குறுக்கு வழியில் போனதால் குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிட்டது என்றாள். பேச்சையே நிறுத்திவிட்டாள். நான்தான் நடுவில் புகுந்து, "விடும்மா, தப்புப் பண்ணாத மனுஷன் யாரு" என்று சமாதானம் செய்தேன்.

"உங்க மனசு யாருக்குப்பா வரும்" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள்.

அதன்பின் உங்களுக்குப் பட்டியல் போட்டேன். கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று நான் குறித்தவை இரும்புச் சாமான் கடை, குடியிருப்போர் சங்கம், உள்ளூர்ச் செய்தித்தாள். சூதாட்டத் தளங்களை அப்படியே விட்டுவைத்தேன். தளத்துக்கு மிச்சமிருந்த கொஞ்ச உயிரும் போயிற்று.

மாப்பிள்ளை வேலைக்கு ஓட்டிப்போகும் வேன் விற்றுப்போனது. என் பழைய கிடங்கு மேஸ்திரியிடம் சொல்லி மாப்பிள்ளைக்கு மூட்டை தூக்கும் வேலை வாங்கிக் கொடுத்தேன். உடம்புக்கு நல்லது. சேர்ந்த சில நாட்களில் தள்ளுவண்டி ஒன்று அவர் வலது கைமேல் ஏறிவிட்டது. இரண்டு விரலில் உணர்ச்சி இல்லை. பூட்டுத் திறப்பவர்கள் மெல்லிய கம்பியை உள்ளே விட்டு விரலால்தான் கேட்பார்கள் என்று அவர் முன்பு சொல்லியிருக்கிறார். இனி வேற்றூரில் கடை போடும் அலைச்சல் அவருக்கு இல்லை.

இப்போது எல்லாரும் என் வீட்டில்தான். முன்னறை அவர்களுக்கு. பேத்தி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு உதைக்கிறாள். குளியலறைக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. வீடென்றால் இப்படிக் கலகலவென்று இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நிற்கிறார். "மன்னிச்சிடுவாங்களா மாமா?" என்று கேட்டார்.

"உண்மையைத்தான் எழுதியிருக்கேன். படிச்சுப் பாக்கறீங்களா?"

"நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பொன்னான பிள்ளை.

ஆகவே, நடந்தது மேலே கண்டபடி. செய்தது நான். எல்லாம் சரியாகிவிட்டது. தண்டனையை மட்டும் தயவுசெய்து நீக்காதீர்கள். இவர்களின் நன்மைக்காகத்தான் கேட்கிறேன். கடைசியில், இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று உறுதி கேட்கிறீர்கள். தாராளமாகத் தருகிறேன். நான் யாரையும் பிடித்து வைத்திருக்கவில்லை, அவர்களாகத்தான் வந்தார்கள். அவர்கள் இங்கேயே இருக்கும்வரை எனக்கு அதற்கு அவசியமும் வராது.