பத்து நாள் சுண்ணாம்பு

சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் என் முன்சீட்டில், வரால் குளம் வைத்திருக்கும் ஒரு அம்மாளும் மீன்வளம் படிக்கும் அவருடைய தம்பி மகளும்.

"மீன் வீங்குறது கிருமியால இல்ல அத்தை, அதோட உடம்பாலதான்."

"என்னாடி ஒளர்ற?"

"கிருமி மொத ரெண்டு நாளு சுண்ணாம்புலயே போயிடுச்சு. நீ தெனம் சுண்ணாம்பு கொட்டிக்கினே இருக்க. தோலு எரிஞ்சா, 'ஆபத்து'ன்னு தோலுல இருக்குற செல்லுங்க ரசாயனச் சேதி அனுப்பும். காப்பாத்த ஓடியாற செல்லுங்களே சதைய வீங்க வெச்சிடும்."

"நம்ம தெருவுல சண்ட வெலக்க வர்றவங்களாட்டம்!"

"அதேதான். இன்னிக்கே நிறுத்து, மிச்ச மீனாவது பொழைக்கும்."

"ரிட்டயர்டு விலங்கியல் வாத்தியாரு பத்து நாளு போடச் சொன்னாருடி. இன்னும் மூணு நாளு இருக்கு. பாதியில நிறுத்துனா பெரிய மனுஷன் மனசு நோவும்."

அந்த வாத்தியார் நான்தான். நிறுத்திவிடுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். செய்தித்தாளால் முகத்தை மறைத்தபடி என் நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன்.