கடுகளவுத் தீவு

“...உருண்டைக்குள்ள பல்பு இருந்தா அது விளக்கு சார். பல்பு இல்லாட்டி அச்சடிச்ச பொருள்.”

“அடியில பென்சில் ஷார்ப்னர் வச்சிருந்தா?”

“எழுதுபொருள்.”

“உருண்டையாத்தானே இருக்கு. பந்துன்னு போட்டா என்ன தம்பி?”

“பந்துன்னு போட்டா உதைச்சுப் பார்ப்பாங்க சார்.”

அப்போதுதான் நீங்கள் சிரித்தீர்கள். சுங்க அதிகாரி ஒருவர் வேலை நேரத்தில் சிரித்து நான் பார்த்தது அதுவே முதல் முறை. பிறகு வெள்ளைத் தாள்களை என் பக்கம் நகர்த்தி, “இப்படிப் பேசுற மாதிரியே நடந்ததை எழுதிக் கொடு, ஒண்ணையும் விடாதே” என்றீர்கள். பேசுகிற மாதிரி எழுத எனக்கு வராது. வாய் எப்படிப் பேசினாலும் கை புத்தகம் போலத்தான் எழுதும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் என் அக்காவும் மேசை மேல் வைக்கும் உலக உருண்டைகள் செய்கிறோம். பட்டறை என்பது இரண்டு அறைகள். முன்னறையில் ஒட்டுவோம், பின்னறையில் காயவைப்போம். அங்கே உருண்டைகள் கொடியில் தொங்குவதால், ஜன்னல் வரை போக வேண்டுமென்றால் உலகங்களைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். எனக்கு அது பிடிக்கும். ஆரஞ்சுச் சுளை வடிவத்தில் வெட்டிய தாள்களை அட்டை உருண்டை மேல் சுருக்கம் விழாமல் ஒட்டுவது அக்காவின் வேலை. பெட்டி கட்டுவதும் சுங்கத்துக்கான தாள்களை நிரப்புவதும் என் வேலை. என்ன பொருள், எதனால் செய்தது, எங்கே செய்தது, எடை என்ன, பெட்டியின் மரம் பூச்சி இல்லாத மரமா என்று நீங்கள் கேட்கும் எல்லாவற்றுக்கும் நான் பதில் எழுதுவேன். மற்ற சிறு வியாபாரிகள் அந்தத் தாள்களைத் திட்டிக்கொண்டே நிரப்புவார்கள். நான் ரசித்து நிரப்புவேன். நான் எந்த ஊருக்கும் போனதில்லை. ஆனால் நான் எழுதிய தாள்கள் போயிருக்கின்றன.

எல்லைக் கோட்டை மட்டும் இருவரும் வரைவோம். அச்சகத்திலிருந்து வரும் சுளைகளில் நிலமும் கடலும்தான் இருக்கும். நாடுகளைப் பிரிக்கும் கோடுகளை நாங்கள் சிவப்பு மையால் கையில் போடுகிறோம். காரணம் உங்களுக்குத் தெரியும், ஆனாலும் தாளில் இருக்கட்டும். ஓர் உருண்டை ஒரு நாட்டுக்குள் நுழைய வேண்டுமானால், அந்த நாடு எதைத் தன் எல்லை என்கிறதோ அதையே அது காட்ட வேண்டும். நம் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு தீவு இருக்கிறதல்லவா? நாம் நம்முடையது என்கிறோம், அக்கரை நாடு தன்னுடையது என்கிறது. அங்கே மனிதர்கள் இல்லை. பறவைகள் இருக்கின்றன, அவற்றை யாரும் கேட்டதில்லை. எங்கள் உருண்டையில் அந்தத் தீவு கடுகளவுதான். உள்நாட்டில் விற்பவற்றில் கடுகு நம் பக்கம். அக்கரைக்குப் போகிறவற்றில் கடுகு அவர்கள் பக்கம். மற்ற நாடுகளுக்கு, கடுகைச் சுற்றிப் புள்ளிக்கோடு. காலையில் நம்முடையதாக இருந்த தீவு மதியத்துக்கு மேல் அவர்களுடையதாகிவிடும், ஒரு குண்டும் வெடிக்காமல்.

“சாப்பிட்டுட்டு வந்து குடுத்துடலாம்டா, தீவு எங்க ஓடிப் போயிடப் போகுது” என்பாள் அக்கா.

அக்கரையில் எங்களிடம் வாங்குபவர் ஒருவர்தான். பள்ளிக்கூடச் சாமான்கள் விற்கும் கடைக்காரர். நல்ல மனிதர். இதை நான் மனதாரச் சொல்கிறேன். பெட்டி வரும் நாளில் ஆளை அனுப்பாமல் தானே பாலத்தின் மறுமுனையில் வந்து நிற்பார். மழை இல்லாவிட்டாலும் குடை பிடித்திருப்பார், உருண்டைகளுக்கு வெயில் ஆகாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். சொன்னது நான்தான், விளையாட்டாக. முதலில் பெட்டியைப் பற்றி விசாரிக்க போன் செய்துகொண்டிருந்தவர், பிறகு பெட்டியே இல்லாத நாட்களிலும் போன் செய்ய ஆரம்பித்தார்.

“அக்கா இருக்காங்களா தம்பி?”

“கையெல்லாம் பசை.”

“பரவால்ல, காயட்டும். நான் லைன்லயே இருக்கேன்.”

இருப்பார். பசை காயும்வரை நானும் அவரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்போம்.

கல்யாணம் என்று முடிவானபோது அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. கணக்குப் போட்டுச் சொன்னாள், அவள் சுபாவம் அது. “பட்டறையை அந்தப் பக்கமே போட்டுடலாம்டா. அங்கயே செஞ்சு அங்கயே குடுத்தா சுங்கமே கிடையாது. உனக்கும் இந்தத் தாளெல்லாம் நிரப்புற தொல்லை விட்டுது.”

அது தொல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

கடைக்காரர் தன் வீட்டு மாடியில் எனக்கென்று ஓர் அறையைச் சுத்தம் செய்து வைத்திருந்தார். ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியுமாம். என் புத்தகங்களுக்கு அலமாரி செய்ய ஆசாரியைக்கூட வரச் சொல்லிவிட்டார். “எனக்கு இங்கிருந்தும் அதே ஆறுதான் தெரியுது” என்றேன். அக்கா அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு, “வாயைப் பாரு, மாப்பிள்ளை வீட்டுக்கே பதில் பேசுது” என்று என் தலையில் தட்டினாள். அவள் கை பட்ட இடத்தில் பசை ஒட்டிக்கொண்டது. எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. அப்படியே இருந்தால் போதும் என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய ஆசையா அது?

கடைசிப் பெட்டி அக்கரை ஊரின் எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்துப் போனது. அங்கே விதி என்னவென்றால், ஒரே ஓர் உருண்டையை முன்னதாக அவர்களுடைய வரைபட அலுவலகத்துக்கு அனுப்பி முத்திரை வாங்க வேண்டும். பெட்டியில் இருப்பதெல்லாம் அந்த மாதிரியைப் போன்றதே என்று வாங்குபவர் உறுதி எழுதிக் கையெழுத்திட வேண்டும். விற்பவர் அல்ல, வாங்குபவர். மாதிரியை அக்கா செய்தாள், சரியாக. பெட்டிக்கு உள்ளவற்றில் பாதிக்கு அவள் கோடு போட்டாள், மீதிக்கு நான். என்னுடையவற்றில் கடுகு நம் பக்கம் இருந்தது.

அது தவறு அல்ல, சார். நம் நாட்டுச் சட்டப்படி அதுதான் சரியான எல்லை. இந்த மேசையின் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தால், அக்காதான் இத்தனை காலம் தவறாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அக்காவின் கோடு முடியும் இடத்தில் வால் போல மெல்லிய சுழிப்பு ஒன்று இருக்கும். தூரிகையைத் தூக்கும்போது மணிக்கட்டைத் திருப்புவாள், அதனால் வருவது. என் கோடுகளிலும் அதைப் போட்டேன். சரக்கு என்றால் ஒரே கை வேலையாகத் தெரிய வேண்டும். பெட்டி கட்டும்போது அவள் வரைந்தவற்றை மேல் வரிசைகளில் வைத்தேன். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்றுதான் வைத்ததாக அப்போது நினைத்தேன்.

கையெழுத்திடுவதற்கு முன் கடைக்காரர் போன் செய்தார்.

“பெட்டியைப் பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் போடணுமா தம்பி?”

“உங்க இஷ்டம் மாமா. பிரிச்சா திரும்பக் கட்டணும். நம்ம சரக்குதானே.”

“அதுவும் சரி. வீட்டுச் சரக்கைச் சந்தேகப்பட்டேன்னு தெரிஞ்சா உங்கக்கா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா.”

அன்றுதான் அவரை முதன்முதலாக மாமா என்று கூப்பிட்டேன். இன்னொரு தடவை கூப்பிடச் சொன்னார். கையெழுத்துப் போட்டார்.

நீங்கள் என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்லவில்லை. அக்கரையில் எல்லாப் பெட்டியையும் திறப்பதில்லை, திறந்தாலும் மேல் வரிசையோடு நிறுத்திவிடுவார்கள், இந்தப் பெட்டியை மட்டும் ஏன் அடிவரை பார்த்தார்கள் என்று கேட்டீர்கள். யாரோ போன் செய்து கீழ் வரிசையையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மிகவும் மரியாதையாகப் பேசினாராம். ஆம், மரியாதையாகத்தான் பேசினேன். அதிகாரிகளிடம் நான் எப்போதும் அப்படித்தான்.

நான் விரும்பியது ஒரு தாமதம் மட்டுமே. சரக்கு நிற்கும், கல்யாணம் தள்ளிப்போகும், அதற்குள் இருவருக்கும் ஏதாவது கசப்பு வரும். சுங்கத்தில் தாமதம் என்பது உலகத்தில் இல்லாததா என்ன? ஆனால் அக்கரையில் தவறான எல்லையை உள்ளே கொண்டுவருவது வரி கட்டாமல் விடுவதைப் போன்றதல்ல. நிலத்தைப் பிடுங்கி அடுத்தவனிடம் கொடுத்ததைப் போன்றது. கொண்டுவந்தவர் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருக்க வேண்டும். அந்த விதி எனக்கு முன்பே தெரியுமா என்றால், தெரியும். அக்காவுக்கு அதைப் படித்துப் பொருள் சொன்னவன் நான்தான். பாலத்தின் மறுமுனையில் குடையோடு நின்றிருந்தவரை அப்படியே அழைத்துப் போனார்களாம். குடையை மடக்கக்கூட விடவில்லையாம்.

செய்தி வந்ததும் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். யார் மேலும் பழி சொல்லவில்லை.

“நான்தான்டா மாத்திப் போட்டிருப்பேன். பாட்டு பாடிக்கிட்டே வரைஞ்சேன்ல. கல்யாண நெனப்புல பக்கம் தெரியாம போட்டுட்டேன்.”

நான் மறுக்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களுக்கு எஞ்சியிருந்த நாட்களைப் பழையபடி வாழத் தொடங்குவாள் என்று எதிர்பார்த்தேன். இந்த ஒரு கணக்கில்தான் நான் சறுக்கிவிட்டேன். அவள் எழுந்து புடவை மாற்றினாள். “என் தப்புன்னு போய்ச் சொன்னா அவரை விட்டுடுவாங்க. நீ பின்னறைக் கொடியைப் பார்த்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் பாலத்தைக் கடந்து போனாள். அவரையும் விடவில்லை, அவளையும் விடவில்லை. அவளுடைய சுழிப்பை அவர்கள் எல்லா உருண்டைகளிலும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அதனால்தான் நானாகவே இங்கே வந்தேன். கோடு போட்டவன் நான். பெட்டியை அடுக்கியவன் நான். போன் செய்தவனும் நான். எந்த மாதிரி தாள் கொடுத்தாலும் அதே சுழிப்போடு வரைந்து காட்டுகிறேன். சிவப்பு மை மட்டும் தேவை.

அக்கா திரும்பி வந்ததும் சுளைகளை ஒட்ட ஆரம்பிக்க வேண்டும். மற்ற நாட்டு ஆர்டர்கள் அப்படியே கிடக்கின்றன. அவளுக்கு முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும், பிறகு வேலையில் மறந்துவிடுவாள். அவளை எனக்குத் தெரியும்.

இன்னும் ஒன்றே ஒன்று. நீங்கள் இதை வைத்து அக்கரைக்கு அறிக்கை அனுப்புவீர்கள். கோடு போட்டது அக்கா இல்லை என்று அதில் தெளிவாக எழுதுங்கள். அவளை விடுவிக்க அது போதும். ஆனால் கடைக்காரருக்கு ஒன்றும் தெரியாது என்பதும் நான் மேலே எழுதியதிலிருந்து தெரிந்துவிடும். அவருக்குத் தெரியுமா என்று அவர்கள் இதுவரை கேட்கவே இல்லை. கேட்காத ஒன்றை நாமாக ஏன் சொல்ல வேண்டும், அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு அனுப்புவீர்களா, சார்?